இரவு முழுவதும் எரிய வேண்டிய விளக்கு: 24 மணி நேர மலைமிதிவண்டிப் பந்தயத்தில் ஒரு மதிப்பீடு

மலைப்பாதையில் 24 மணி நேரம் மிதிவண்டி ஓட்டும் பந்தயத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் இருட்டில்தான் கழிகிறது. சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கும் வீரர்கள்கூட விளக்கைக் கடைசி வாரத்தில்தான் தேடுகிறார்கள். ஹேண்டில்பாரில் ஒன்றும் தலைக்கவசத்தில் ஒன்றுமாகப் பொருத்தும் விளக்கு இணை ஒன்றை, நால்வர் குழுவில் ஒரு முறையும் தனியாள் பிரிவில் ஒரு முறையும் இரவு முழுவதும் பயன்படுத்தினேன். குழுவில் ஓட்டியபோது குறை சொல்ல எதுவும் இல்லாத அதே விளக்கு, தனியாக ஓட்டியபோது என்னைப் பலமுறை சோதித்தது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண் 1800 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அந்த உச்ச வெளிச்சத்தில் ஹேண்டில்பார் விளக்கு ஏறத்தாழ 18 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. உடன் வரும் பேட்டரியின் கொள்ளளவோ 49 வாட்-மணி. ஆகவே உச்சத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குமேல் அது தாங்காது. 900 லூமெனுக்குக் குறைத்தால் ஆறு மணி நேரம் தாங்குகிறது. விலையைத் தீர்மானிப்பது முதல் எண் என்றாலும், நீண்ட பந்தயத்துக்கு வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டாவது கணக்கைத்தான்.

நால்வர் குழுவில் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் ஓட்டி முடித்தபின் மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். சுற்று முழுவதும் உச்ச வெளிச்சத்தில் ஓட்டினாலும் பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்குதான் செலவாகிறது. அடுத்த முறை வருவதற்குள் கூடாரத்தில் அது மீண்டும் நிரம்பிவிடுகிறது. இரவில் என் பங்குக்கு வந்த மூன்று சுற்றுகளிலும் வெளிச்சத்தைச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. பகலில் ஓட்டிய வேகத்துக்கு மிக அருகிலேயே இறக்கங்களில் ஓட்ட முடிந்தது.

தனியாள் பிரிவில் அந்த மூன்று மணி நேர ஓய்வு கிடையாது. 24 மணி நேரப் பந்தயம் என்ற வடிவமே முதலில் குழுக்களுக்காக உருவானதுதான்: 1992-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லெயர்ட் நைட் தொடங்கிய கானான் பந்தயத்தில், குழுவினர் தொடர் ஓட்டம்போல மாறி மாறி ஓட்டினார்கள். 1996-இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் தம் பெயரையே நான்கு விதமாக எழுதிக் கொடுத்து, நால்வர் குழுவாகப் பதிந்துகொண்டு, தனி ஒருவராக ஓட்டினார். அதன்பின் தனியாள் பிரிவு பெரிதாக வளர்ந்துவிட்டது. ஆனால் இந்த விளக்கை வடிவமைத்தவர்கள் இன்னும் குழு வீரரை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பன்னிரண்டு மணி நேர இருட்டுக்குப் பாதி வெளிச்சத்திலேயே இரண்டு பேட்டரிகள் வேண்டும். ஹேண்டில்பார் விளக்குக்கெனப் பெட்டியில் இருப்பது ஒன்றுதான். அதோடு, குளிரில் லித்தியம்-அயன் பேட்டரியின் கொள்ளளவு குறையும். சட்டகத்தில் கட்டப்பட்டுக் காற்றை நேராக வாங்கிய பேட்டரி, ஆறு மணி நேரத்துக்குப் பதிலாக ஐந்து மணி நேரத்திலேயே சிவப்பு விளக்கைக் காட்டியது. தலைக்கவச விளக்கின் பேட்டரியை நீண்ட கம்பி வழியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடிவதால், அது உடல் சூட்டிலேயே இருந்து கடைசிவரை ஏமாற்றவில்லை. கழுத்தின் மேல் எடை ஏறாமல் இருப்பதும் பதினைந்தாவது மணி நேரத்தில் பெரிய ஆறுதல்.

வெளிச்சத்தின் தன்மையைப் பற்றி மனமாரப் பாராட்டியே சொல்ல வேண்டும். தலைக்கவச விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், அதன் வெளிச்சத்தில் நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் மறைந்துபோய், வேரும் கல்லும் தரையோடு தட்டையாகத் தெரியும். தாழ்வாக இருக்கும் ஹேண்டில்பார் விளக்குதான் ஒவ்வொரு வேருக்கும் பின்னால் நிழலை நீட்டி, அதன் உயரத்தைக் காட்டுகிறது. ஆனால் அது சக்கரம் திரும்பும் பக்கத்தை மட்டுமே பார்க்கும். கொண்டையூசி வளைவில் பாதை எங்கே போகிறது என்று காட்டுவது தலை திரும்பும் பக்கம் பாயும் மேல்விளக்குதான். இந்த இணையில் கீழ்விளக்கின் ஒளி அகலமாகப் பரவுகிறது, மேல்விளக்கின் ஒளி குவிந்து நீள்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் கண்ணை உறுத்தும் விளிம்பு இல்லை. நீலம் கலக்காத வெள்ளை நிறம் என்பதால், ஈரமான வேரையும் சேற்றையும் பிரித்தறிய முடிகிறது. விடியலுக்குமுன் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கியபோது மட்டும், மேல்விளக்கின் ஒளி திரும்பிக் கண்ணில் அடித்தது. அது எல்லாத் தலைக்கவச விளக்குகளுக்கும் பொதுவான இயல்பு. அதை அணைத்துவிட்டுக் கீழ்விளக்கை நம்பி ஓட்டுவதே வழி.

மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. இருப்பது ஒரே பொத்தான். அதை அழுத்தும்போது உச்சம், பாதி, குறைவு என்று இறங்கி, மீண்டும் உச்சத்துக்குப் போகுமுன் மின்னும் நிலையைக் கடந்துதான் ஆக வேண்டும். நகரச் சாலைக்கு அது உதவலாம். கற்கள் நிறைந்த இறக்கத்தின் தலைப்பில், தடித்த கையுறையுடன், உறக்கம் அழுத்தும் வேளையில், வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தால் பாதை துண்டு துண்டாகத்தான் தெரியும். இரண்டு முறை பிரேக்கை இறுகப் பிடித்து நின்றுவிட்டேன். விளக்கைக் கட்டும் ரப்பர் பட்டையும் 31.8 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரில் மெல்லச் சுழன்று, விளக்கை முன்சக்கரத்தை நோக்கிச் சாய்த்தது. பழைய டியூபில் ஒரு துண்டை அடியில் வைத்துக் கட்டியபின் அந்தத் தொல்லை நின்றது.

குழுவாக ஓட்டுபவர்கள் இந்த இணையைத் தயங்காமல் வாங்கலாம். தனியாக ஓட்டுபவர்கள் இரண்டாவது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டபின் முடிவெடுக்க வேண்டும். வாங்கினால், மாற்று பேட்டரியைப் போர்வைக்குள் சூடாக வைத்திருக்கும்படியும், சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திராமல் நள்ளிரவிலேயே மாற்றிவிடும்படியும் உடன் வரும் உதவியாளரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.