விருப்ப வரிசையில் வாக்களிக்க உதவும் சிவ்ஸ்: ஒரு மதிப்பீடு

ரோட்ரிக்ஸ் தீவு நீங்கலாக ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று பெயர்களுக்குக் குறியிட்டுப் பழகிய மொரிசியஸ் வாக்காளர்களுக்கு, எண்ணும் முறை மாறினால் முடிவும் மாறும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1982இலும் 1995இலும் ரோட்ரிக்ஸ் தவிர்த்த 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளிச் சென்றது. ஆனால் வருஷப் பிறப்பு விழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைப்பது என்ற கேள்வி வரும்போது, நம் சங்கங்கள் வாட்ஸ்அப் வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்கின்றன. அங்கே யார் எதற்குக் குறியிட்டார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், தலைவர் ஐயாவின் விருப்பம் தெரிந்த பிறகே பலர் வாக்களிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் ஆண்ட்ரூ மையர்ஸ் உருவாக்கி, கட்டணமின்றி வழங்கும் சிவ்ஸ் (CIVS) என்ற இணைய வாக்கெடுப்புச் சேவை இதற்கு நல்ல மாற்று. வாக்காளர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாவற்றையும் தம் விருப்ப வரிசையில் அடுக்குகிறார். இரண்டுக்குச் சம இடம் தரலாம்; கருத்தில்லை என்றும் விடலாம். பிறகு ஒவ்வொரு தெரிவும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதவிடப்படுகிறது. இது பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785இல் முன்வைத்த கருத்து. (அப்போது நம் தீவும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.)

21 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 பேருக்கு நாடகம் முதல், கவியரங்கம் இரண்டாவது, பட்டிமன்றம் கடைசி. 7 பேர் பட்டிமன்றம், கவியரங்கம், நாடகம் என்றும், 6 பேர் கவியரங்கம், பட்டிமன்றம், நாடகம் என்றும் அடுக்குகிறார்கள். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் நாடகம் வெல்லும். கடைசியில் நிற்பதை நீக்கி அதன் வாக்குகளை மாற்றிக்கொடுத்தால் பட்டிமன்றம் வெல்லும். இணை இணையாக ஒப்பிட்டாலோ, கவியரங்கம் நாடகத்தை 13க்கு 8 என்றும் பட்டிமன்றத்தை 14க்கு 7 என்றும் வீழ்த்துகிறது. முதல் விருப்பமாக மிகக் குறைவானோர் கேட்டதே வென்றது எப்படி என்று சபையில் குரல் எழும்பத்தான் செய்யும். யாருடைய பட்டியலிலும் அது கடைசி இடத்தில் இல்லை என்பதே என் பதில். முடிவுப் பக்கத்தின் அட்டவணையைக் காட்டினால் கேட்டவரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒன்று மற்றொன்றை வெல்ல, அது மூன்றாவதை வெல்ல, மூன்றாவது முதலாவதையே வெல்லும் சுழலும் சில வேளை உருவாகும். அதை அவிழ்க்கச் சிவ்ஸ் பல கணக்கு முறைகளைத் தருகிறது. எந்த முறை என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே சபையில் எழுதிவைக்காவிட்டால், முடிவைப் பார்த்துவிட்டு முறையைத் தேடும் ஆசை எவருக்கும் வரும். பட்டியலில் எது இடம்பெறும் என்பதை நடத்துநரே தீர்மானிப்பதால், அந்தப் பொறுப்பைப் போட்டியில் நிற்கும் தரப்புக்குக் கொடுக்கக் கூடாது.

பொது இணைப்பை விடத் தனி வாக்கெடுப்பே சங்கங்களுக்குப் பொருத்தம், ஏனெனில் அதில் ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு மின்னஞ்சலில் செல்கிறது. அதைப் பெற உறுப்பினர் தம் முகவரிக்கு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். கைப்பேசியில் வாட்ஸ்அப் மட்டுமே வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு இதுதான் உண்மையான தடை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே இளையவர் ஒருவர் அவர்கள் அருகில் அமர்ந்து இதை முடித்துக்கொடுக்க வேண்டியிருக்கும்.