ஃப்ரீஃப்ளைக்கு என்ன உடுப்பு: ஒற்றை சூட்டா, பேன்ட்டும் ஜெர்சியுமா?

சென்னையிலிருந்து ஸ்கைடைவிங் போகிறவர்கள் பெரும்பாலும் பட்டாயாவுக்கோ துபாய்க்கோதான் பையைக் கட்டுகிறார்கள். கீழிருந்து காற்றை ஊதி ஆளை மிதக்கவைக்கும் டனலில் பழக சிங்கப்பூர் செந்தோசா இருக்கிறது, இப்போது ஹைதராபாத்தும் இருக்கிறது. ஆனால் ஃப்ரீஃப்ளைக்கு, அதாவது வயிற்றில் படுக்காமல் உட்கார்ந்தோ தலைகீழாகவோ விழுந்து பறக்கும் பாணிக்கு, சூட்டைப் போட்டுப் பார்த்து வாங்க தி.நகரில் கடை கிடையாது. அளவெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, சுங்க வரியும் கட்டி வாங்குகிற பொருள் இது. அதனால் எந்த வகை வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இரண்டு தேர்வுகளை உடனே ஒதுக்கிவிடலாம். வயிறு கீழே பார்க்கக் கூட்டமாகப் பறப்பதற்கென்று தைத்த, ‘பூட்டி’ என்ற காலணியை மூடும் துணி உறையோடு வரும் சூட் இதற்கு ஆகாது. உட்கார்ந்தோ தலைகீழாகவோ பறக்கும்போது அந்த உறை பிடிக்கிற காற்று காலை நம் பேச்சைக் கேட்கவிடாது. ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் செலவில்லாதவைதான், ஆனால் ஜீன்ஸ் தொடையைக் கட்டிப்போடும். முட்டியை நன்றாக மடக்கி அகட்டி உட்கார முடியாது. ஹூடி என்றால் கழுத்துக் கயிறே முகத்தில் சாட்டையாக அடிக்கும்.

மிச்சம் இரண்டு: கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாக வரும் ஒற்றை சூட், அல்லது ஃப்ரீஃப்ளை பேன்ட்டும் ஜெர்சியும். விமானத்திலிருந்து குதிப்பதற்கு என் ஓட்டு ஒற்றை சூட்டுக்குத்தான். அழகோ வேகமோ அல்ல காரணம். மேல்சட்டை மேலே ஏறுவதுதான் காரணம்.

வயிற்றில் பறக்கும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஃப்ரீஃப்ளையில் அது 240-ஐத் தாண்டி 290 வரைகூடப் போகும். உட்கார்ந்த நிலையில் பறக்கும் சிட் ஃப்ளையில் காற்று கீழிருந்து மேலே அடிக்கிறது. சமநிலைக்காகக் கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஜெர்சி இடுப்பிலிருந்து கொஞ்சம் உருவிக்கொண்டு வரும். அப்படி வந்த துணியைத் திரும்ப உள்ளே தள்ள அங்கே யாரும் இல்லை. விளிம்பு முழுதாக வெளியே வந்ததும் காற்று உள்ளே புகுந்து, சட்டை மார்புக்கு ஏறி, பாராசூட்டை உடம்போடு கட்டும் ஹார்னஸின் மேல் கவிழும். அந்த இடத்தில்தான் வலப்பக்கம் பழுதான பிரதான குடையைக் கழற்றிவிடும் கட்-அவே கைப்பிடி, இடப்பக்கம் மாற்றுக் குடையைத் திறக்கும் ரிசர்வ் கைப்பிடி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலோக ரிசர்வ் வளையத்தில் பக்கத்தில் பறப்பவரின் கால் மாட்டிவிடக் கூடாது என்று ஃப்ரீஃப்ளை செய்கிறவர்கள் பலர் மெத்தென்ற துணிக் கைப்பிடியைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன்மேல் ஜெர்சி கவிழ்ந்தால் கைக்கு இரண்டும் துணியாகவே தெரியும். அவசரத்தில் சட்டையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் கைப்பிடி பாதியில் நிற்கும். பிரதான குடை வெளியே வரவே இல்லை என்ற நிலையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் உயரம் கரைகிறது.

தலைகீழாகப் பறந்தால் கதை மாறும். அப்போது காற்று சட்டையை இடுப்புப் பக்கமாகத் தள்ளும். வெளியே தொங்கும் துணி, ஹார்னஸ் பையின் அடியில் வலப்பக்கம் இருக்கும், பிரதான குடையை வெளியே இழுக்கும் சின்னக் குடையான பைலட் ஷூட்டின் பிடியின்மேல் படபடக்கும். குடை திறக்கும் நேரத்தில் கை முதலில் துணியைத்தான் தொடும். ஒற்றை சூட்டில் உருவிக்கொண்டு வர விளிம்பே கிடையாது. இந்தப் பிரச்சினை மொத்தமும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பேன்ட்-ஜெர்சிக்கும் நியாயம் இருக்கிறது. டனலில் முதுகில் குடை இல்லை, ஆகவே மேலே சொன்ன ஆபத்தும் இல்லை. கழற்றி மாட்டச் சுலபம், ஜெர்சியை மட்டும் துவைக்கலாம். வானத்திலும் இதைத்தான் போடுவேன் என்றால், ஜெர்சி இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். உடம்போடு ஒட்டும் லைக்ரா கலந்த துணியாக இருக்கட்டும். பேன்ட் இடுப்பு உயரமாக, எலாஸ்டிக்கோடு இருக்கட்டும். பிறகு ஹார்னஸை மாட்டி, தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் பத்துத் தடவை தலைக்கு மேல் தூக்குங்கள். விளிம்பு வெளியே எட்டிப் பார்த்தால் அந்த ஜெர்சி டனலோடு நிற்கட்டும்.

தொளதொளப்பு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. கனமானவர்கள் கொஞ்சம் தாராளமாகவும் ஒல்லியானவர்கள் ஒட்டினாற்போலவும் தைத்துக்கொண்டால் எல்லோரும் ஒரே வேகத்தில் விழலாம். பழகுகிறவருக்குச் சற்றுத் தொளதொளப்பான கால் நல்லது. காற்று பிடிப்பதால் உட்காருவது எளிது. அளவு மீறினால் நிலை குலையும்போது சட்டென்று வேகம் குறைந்து, மேலே பறப்பவர்மேல் போய் இடிக்கிற அபாயம். போட்டிக்குப் பறப்பவர்கள் மிக இறுக்கமாகப் போடுவது வேறு கணக்கு.

அளவெடுக்கும்போது தையல்காரர் நிற்கவைத்து எடுப்பதோடு விடாதீர்கள். நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். நின்ற அளவில் தைத்த சூட் உட்கார்ந்ததும் தோளைக் கீழே இழுக்கும், கவட்டில் தையல் தெறிக்கும். கைமுனையில் இழுபட்டு ஒட்டும் ரிப் பட்டி கேளுங்கள். மணிக்கட்டில் கட்டும் உயரமானியான ஆல்டிமீட்டர்மேல் சூட்டின் கை உருண்டு வராது. வழுவழுப்பான நைலான் சூட்டில் ஹார்னஸின் கால்பட்டைகள் முட்டிப் பக்கம் நழுவும். இரண்டு பட்டைகளையும் இணைக்கிற, ரப்பர் போல இழுபடும் பஞ்சி (bungee) கயிறு கட்டாயம்.

வெயிலைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். தரையில் 35 டிகிரி என்றால் 4,000 மீட்டரில் கிட்டத்தட்ட 25 டிகிரி குறைவு. முழுக்கை சூட் மேலே போனால் இதமாகவே இருக்கும். ஏறக் காத்திருக்கும்போது ஜிப்பைத் திறந்து கையை மட்டும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். விமானம் கிளம்பும் முன் முழுதாகப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பராமரிப்பில் ஒற்றை சூட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. தண்ணீரில் மென்மையான சோப்போடு கையால் அலசி, நிழலில் காயவையுங்கள். மொட்டைமாடி வெயில் லைக்ராவின் இழுவிசையைக் கொன்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை பீரோவில் மடித்து வைத்தால் பூஞ்சைதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்காற்று அடிக்கும் வீடுகளில் உலோக ஜிப் பச்சை பூத்து இறுகிவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே பிளாஸ்டிக் ஜிப் என்று எழுதிக் கொடுங்கள்.