டெய்லரா, ஃபயோலா? கோளாறு எங்கே என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

உற்பத்தி குறைந்தால் நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஸ்டாப்வாட்ச்சோடு ஓர் ஆளைப் பட்டறைக்கு அனுப்புகின்றன. இல்லையென்றால் யார் யாருக்குக் கீழே என்ற படத்தைத் திருத்தி வரைகின்றன. முதலாவது அமெரிக்காவின் ஃபிரெடெரிக் டெய்லர் காட்டிய வழி, இரண்டாவது பிரான்சின் ஹென்றி ஃபயோல் காட்டிய வழி. மேலாண்மைப் பாடத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஓர் இடத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். அந்த இடம் தெரியாமல் இரண்டையும் கலந்தால் அடி வாங்குவது ஃபோர்மேனும் தொழிலாளியும்தான்.

டெய்லர் கீழிருந்து பார்த்தவர். அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையின் முற்றத்தில் ஆட்கள் தங்கள் சொந்த மண்வாரியையே கொண்டுவந்தார்கள். அதே வாரியில் நொய் நிலக்கரியை அள்ளினால் ஒரு வாரிக்கு மூன்றரை பவுண்டு வந்தது, இரும்புத் தாதை அள்ளினால் 38 பவுண்டு வந்தது. ஒன்றில் ஆளின் சக்தி வீணானது, மற்றதில் ஆளே சோர்ந்துபோனார். அளந்து பார்த்ததில், வாரிக்குச் சுமார் 21 பவுண்டு என்றால்தான் ஒரு நாளில் அதிகம் அள்ள முடிகிறது என்று தெரிந்தது. ஆகவே தாதுக்குச் சின்ன வாரி, நொய்க்கரிக்குப் பெரிய வாரி என்று எட்டுப் பத்து வகைகளை ஆலையே வாங்கிக் கருவி அறையில் வைத்தது. எந்த வாரியை எடுப்பது, எங்கே தொடங்குவது என்று காலையில் ஒவ்வொருவருக்கும் சீட்டு வந்தது. முந்தைய நாள் அளவை எட்டாதவருக்கு வந்தது மஞ்சள் சீட்டு. டெய்லர் தந்த கணக்குப்படி, ஓர் ஆள் நாளுக்கு அள்ளியது 16 டன்னிலிருந்து 59 டன்னாயிற்று, கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலராயிற்று, டன்னுக்கான செலவு 7.2 சென்ட்டிலிருந்து 3.3 சென்ட்டாக இறங்கியது. (வார்ப்பிரும்புக் கட்டி சுமந்த 'ஷ்மிட்' என்ற தொழிலாளியைப் பற்றி டெய்லர் சொல்லும் கதையை அவ்வளவு நம்ப வேண்டாம். ஆவணங்களைச் சரிபார்த்த வரலாற்றாளர்கள், டெய்லர் சொன்னதற்கும் நடந்ததற்கும் இடைவெளி இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.)

இந்த முறையின் இன்றைய வடிவம் இது. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். மூன்று விநாடிக்கும் குறைந்த கூறைக் கையால் சரியாக அளக்க முடியாது. பல சுற்றுகள் அளந்து சராசரி எடுத்து, ஆளின் வேகத்தை (சாதாரண வேகம் 100 சதவீதம் என்று வைத்து) மதிப்பிட்டுப் பெருக்கி, ஓய்வுக்கும் தவிர்க்க முடியாத தாமதத்துக்கும் சலுகை சேர்க்க வேண்டும். அளந்தது 0.80 நிமிடம், வேக மதிப்பீடு 110 சதவீதம் என்றால் இயல்பு நேரம் 0.88. அதில் 15 சதவீதச் சலுகை சேர்த்தால் 1.012 நிமிடம். 480 நிமிட ஷிப்டுக்கு 474 எண்ணிக்கை.

இதில் கோளாறு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது வேக மதிப்பீடு. அது அளப்பவரின் கண்ணை நம்பியது, கடிகாரத்தின் துல்லியம் அதற்குக் கிடையாது. இரண்டாவது பீஸ் ரேட், அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. ஆள் அளவைத் தாண்டிச் சம்பாதித்ததும் நிர்வாகம் ரேட்டைக் குறைத்தால், அடுத்த மாதத்திலிருந்து யாரும் அளவைத் தாண்ட மாட்டார்கள். முறையோ இயந்திரமோ மூலப்பொருளோ மாறினால் மட்டுமே திரும்ப அளக்க வேண்டும். 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஸ்டாப்வாட்ச்சைக் கண்டு வார்ப்புத் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. பிறகு ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களிலேயே ஸ்டாப்வாட்ச்சுக்குத் தடை வந்தது. அது நீங்க 1949 ஆயிற்று.

அசைவை மட்டும் குறைக்க வேண்டுமானால், செங்கல் கட்டும் வேலையை ஆராய்ந்த அமெரிக்கர் ஃபிராங்க் கில்பிரெத்தின் முறை போதும். உயரம் மாற்றக்கூடிய சாரத்தில் செங்கல்லையும் சாந்தையும் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்ததால், ஒரு கல் வைக்க ஆன 18 அசைவுகள் ஐந்தாயின, மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். குனிந்து நிமிர்வது குறைவதால் தொழிலாளியிடம் எதிர்ப்பும் குறைவு.

ஃபயோல் சுரங்கப் பொறியாளர். 1888-ல் திவாலின் விளிம்பில் இருந்த கொமான்ட்ரி-ஃபூர்ஷாம்போ என்ற சுரங்க, இரும்பு நிறுவனத்தை ஏற்று நிமிர்த்தி, 1918 வரை நடத்தியவர். அவருடைய பார்வை எங்கே தொடங்கியது என்பதற்கு இளவயதுக் குறிப்பு ஒன்றே போதும். 1861-ல் சுரங்கத்தின் ஆறாம் மட்டத்தில் ஒரு குதிரைக்குக் கால் ஒடிந்தது. மாற்றுக் குதிரை கேட்டு ஃபயோல் சீட்டு எழுதினார். இயக்குநரின் கையெழுத்து இல்லை என்று லாயக்காரர் மறுத்தார். இயக்குநர் ஊரில் இல்லை, அவருக்குப் பதில் கையெழுத்துப் போட யாரையும் நியமிக்கவும் இல்லை. எத்தனை ஸ்டாப்வாட்ச் வைத்தாலும் இந்தத் தாமதம் தீராது. இதற்கான மருந்து ஃபயோலிடம் இருக்கிறது: பொறுப்புக்கு ஈடான அதிகாரம், ஒவ்வொரு பதவிக்கும் முன்கூட்டியே நியமித்த மாற்றாள், துறைத் தலைவர்களின் வாராந்திரக் கூட்டம், பக்கத்துத் துறையோடு நேராகப் பேச ஒரு பாலம். இரு துறையின் மேலதிகாரிகளும் அனுமதித்து, பேசி முடித்ததை அவர்களுக்கு உடனே தெரிவித்தால்தான் அந்தப் பாலம் நிற்கும். தெரிவிக்காமல் விட்டால் அது குறுக்குவழி அரசியலாகிவிடும்.

மோதல் இங்கேதான். ஒரே ஃபோர்மேனால் எல்லாம் முடியாது என்று டெய்லர் அந்த வேலையை எட்டுப் பேருக்குப் பிரித்தார். திட்ட அறையில் நான்கு பேர், பட்டறையில் நான்கு பேர். வேகம் ஒருவர் பொறுப்பு, தரம் ஒருவர் பொறுப்பு, பழுது ஒருவர் பொறுப்பு. தொழிலாளி எட்டுப் பேரிடமும் உத்தரவு வாங்க வேண்டும். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்ற கொள்கையை இது உடைக்கிறது என்று ஃபயோல் 1916-ல் கண்டித்தார். இதில் ஃபயோல் பக்கமே நியாயம். வேகம் பார்ப்பவர் "வேகத்தைக் கூட்டு" என்கிறார், தரம் பார்ப்பவர் "வேகத்தைக் குறை" என்கிறார். தவறு நடந்தால் மாட்டிக்கொள்வது தொழிலாளி. நிபுணர்கள் வேண்டும்தான், அவர்கள் ஆலோசனை சொல்லட்டும், உத்தரவு ஃபோர்மேன் வாயிலிருந்தே வரட்டும் என்பது ஃபயோலின் தீர்வு. எட்டு ஃபோர்மேன் முறை பரவாமல் போனதும், திட்டப்பிரிவும் தரப்பிரிவும் தனித்தனியாக நிலைத்ததும் இதற்குப் பொருந்துகின்றன.

தேர்ந்தெடுக்க ஒரு வாரப் பதிவு போதும். வேலை நின்ற ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எதற்காக என்று எழுதுங்கள். ஆள் வேலை செய்துகொண்டே இருந்தும் எண்ணிக்கை வரவில்லையென்றால் கோளாறு வேலைக்குள் இருக்கிறது: கருவியையும் அசைவையும் சரிசெய்துவிட்டு நேரத்தை அளக்கலாம். பொருளுக்கோ கையெழுத்துக்கோ முடிவுக்கோ காத்திருந்த நிமிடங்கள் அதிகமென்றால் ஃபயோல். இரண்டும் இருந்தால் ஃபயோலிலிருந்து தொடங்குவதே சரி. காத்திருப்பு கலந்த பட்டறையில் அளந்த நேரம் பொருள் வந்த நாளில் ஒன்று, வராத நாளில் வேறு. பெத்லகேமில்கூட 21 பவுண்டு என்ற எண் தனியாக வேலை செய்யவில்லை. வாரிகளை வாங்க ஒப்புதல் தந்தவரும், கருவி அறைக்குப் பொறுப்பானவரும், தினமும் சீட்டு எழுதிய அலுவலகமும் அதன் பின்னால் இருந்தார்கள்.