எட்டாம் ஜெனரேஷன் என்று சொல்லி ஆறாம் ஜெனரேஷனைத் தலையில் கட்டினார்கள்

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், அதுவும் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். எனக்கு 21,500 ரூபாய் போயிருக்கிறது. ஏமாற்றிய விதம் தெரிந்தால் இன்னொருவருக்காவது பணம் மிஞ்சும்.

மகள் இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிறாள். ஃபீஸ் கட்டியது போகப் புது லேப்டாப்புக்கு வழியில்லை. சீட்டு எடுத்த பணத்தோடு இருவரும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். அங்கே நாணயமாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். என் பழைய கம்ப்யூட்டரைப் பல வருடம் ஓட வைத்ததே அந்தத் தெருதான். எங்கள் கெட்ட நேரம், வாட்ஸ்அப்பில் விலை அனுப்பியிருந்த ஒரு மாடிக் கடைக்குள் நுழைந்தோம்.

எச்.பி. எலைட்புக், ஐ5 எட்டாம் ஜெனரேஷன், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ஜெனரேஷன் என்பது இன்டெல் பிராசஸரின் தலைமுறை; எண் கூடக்கூடப் புதியது. லேப்டாப்பை ஏற்கனவே ஆன் செய்து வைத்திருந்தார்கள். செட்டிங்ஸைத் திறந்து காட்டினார் கடைக்காரர். ‘ஐ5-8350யு’ என்று தெளிவாக இருந்தது. மகளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் மாடல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கடையின் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. “அதைக் கிழிச்சிடாதீங்க சார், கிழிச்சா வாரண்டி போயிடும்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மறைக்க வேண்டியதை என் கையாலேயே பத்திரமாகப் பாதுகாக்க வைத்துவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாளே மகள் ஒன்றைக் கவனித்தாள். லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி திரையில் வந்து, கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்தது. கடைக்குப் போன் செய்தேன். “டிரைவர் லோட் ஆகுது சார், ஒண்ணும் இல்ல” என்றார்கள். அதையும் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, லேப்டாப் திணறுகிறது என்று அவள் வகுப்புத் தோழியிடம் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை, அதாவது பிராசஸரைப் பார்த்திருக்கிறாள். பெயர் அங்கேயும் 8350யு தான். ஆனால் கோர், அதாவது பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள், என்ற இடத்தில் 2 என்று இருந்தது. 8350யுவுக்கு நான்கு கோர் உண்டு. உடனே ரீஸ்டார்ட் செய்து, எச்.பி. எழுத்து வரும்போதே எஃப்10 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போனார்கள். அங்கே உண்மை இருந்தது: எலைட்புக் 840 ஜி3, ஐ5-6300யு. ஆறாம் ஜெனரேஷன். ஸ்டிக்கரை உரித்தால் கீழேயும் அந்த ஜி3.

செய்த வேலை இதுதான். விண்டோஸ் காட்டும் பிராசஸர் பெயர், ரெஜிஸ்ட்ரி என்ற அதன் உள் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி. அதை யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விண்டோஸ் உண்மைப் பெயரைத் திரும்ப எழுதிவிடும். அதனால் ஆன் ஆனதும் பொய்ப் பெயரை மறுபடி எழுத ஒரு குட்டி நிரலைச் செருகி வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்த கறுப்புப் பெட்டி அதுதான்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்கிறது. ஆறும் ஏழும் விலை இறங்கிவிட்டன, எட்டு நிற்கிறது. பிராசஸரைப் பார்க்கும் விண்டோஸ் 11 சோதனையை ஏமாற்றிப் பழைய மெஷினிலும் அதைப் போட்டுவிடலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அதனால் திரையில் விண்டோஸ் 11 இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடையிலேயே, பணம் கொடுக்கும் முன், லேப்டாப்பை அணைத்து நீங்களே ஆன் செய்து பயாஸைப் பாருங்கள். எந்த பட்டன் என்று தெரியாவிட்டால் கடைக்காரரையே அழுத்தச் சொல்லுங்கள்; தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள். எலைட்புக் 840 வரிசையில் ஜி3 என்றால் ஆறாம் ஜெனரேஷன், ஜி4 ஏழு; எட்டு வேண்டுமென்றால் ஜி5 பக்கம் போக வேண்டும். மாடல் நம்பர் மேல் எந்த ஸ்டிக்கரும் இருக்கக் கூடாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் கொண்டு போனால் இன்னும் நல்லது. அது சிப்பையே கேட்டுச் சொல்லும்.

திரும்பப் போய்க் கேட்டபோது, கடைக்காரர் “பில்லுல எட்டாம் ஜெனரேஷன்னு போட்டிருக்கா சார்?” என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. ‘யூஸ்டு லேப்டாப் - 1’ என்று மட்டும், ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு. மகள் பக்கத்தில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு விட மனசு வரவில்லை.

நல்ல வேளையாக வாட்ஸ்அப்பில் அவரே அனுப்பிய விவரம் அப்படியே இருந்தது. பணம் போன யுபிஐ ரசீதும் இருந்தது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். கடைக்காரர் மசியவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்தேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீலும் கட்டாயமில்லை. இது தெரியாமல்தான் பலர் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். பயாஸ் திரையை மகள் எடுத்த போட்டோக்களையும் சேர்த்தேன். போன வாரம் மனு போட்டாயிற்று.

நேற்று ராத்திரி கடைக்காரர் போன் செய்தார். “எதுக்கு சார் இதெல்லாம், நாலாயிரம் வாங்கிக்குங்க, பேசித் தீர்த்துக்கலாம்” என்றார். முழுப் பணத்தையும் தருவதாக எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.