மன வரைபடமா, துண்டுச் சீட்டா?

முன்னாள் மாணவர் சந்திப்புக்குத் திட்டம் போட ஆறு பேர் உட்கார்ந்தோம். முதலில் மன வரைபடம். தாளின் நடுவில் ‘சந்திப்பு’ என்று எழுதி, இடம், சாப்பாடு, அழைப்பு, பணம் என நான்கு கிளைகள் இழுத்தோம். இங்கிலாந்தின் டோனி பூசான் 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் மூலம் பரப்பிய முறை இது. கால் மணி நேரத்தில் தாள் நிறைந்தது; பார்க்கவும் அழகு. ஆனால் பேனா ஒருவர் கையில்தான் இருந்தது. மற்றவர்கள் தலையாட்டினோம். சாப்பாட்டுக் கிளை மட்டும் ஊறுகாய் வரை நீண்டுவிட்டது.

மறுவாரம் கேஜே முறை. நேபாளத்தில் களப்பணி செய்த ஜப்பானிய மானிடவியலாளர் கவாகிடா ஜிரோ, குவிந்துபோன களக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கியது. பெயரும் அவருடைய முதலெழுத்துகள்தான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் சீட்டுக்கு ஒரு விஷயம் என்று அவரவர் பேசாமல் எழுதினோம். அறுபது சீட்டுகளைத் தரையில் பரப்பினோம். (மின்விசிறியை முதலில் நிறுத்திவிடுங்கள். நாங்கள் நிறுத்தவில்லை.)

இதில் தலைப்புகளை முன்கூட்டியே வைக்கக் கூடாது. ஒன்றையொன்று இழுக்கும் சீட்டுகளைச் சேர்த்த பிறகே குழுவுக்குப் பெயர், அதுவும் ஒற்றைச் சொல்லாக இல்லாமல் ஒரு வாக்கியமாக. எதனோடும் ஒட்டாத சீட்டை வலிந்து சேர்க்காமல் தனியே விட்டுவிட வேண்டும். ‘மாடிப்படி’, ‘கழிப்பறை எங்கே?’, ‘சீக்கிரம் சாப்பிடுபவர்கள்’, ‘யார் கூட்டி வருவது?’ என்ற நான்கு சீட்டுகள் அருகருகே வந்தன. வரைபடத்தில் இவை ஆளுக்கொரு கிளையில் போய் உட்கார்ந்திருக்கும். இங்கே ‘நம் ஆசிரியர்களுக்கு எழுபது வயதாகிவிட்டது’ என்று பெயர் எழுதினோம். மாடி மண்டபத்தைக் கைவிட்டுத் தரைத்தளத்தில் இடம் தேடத் தொடங்கினோம்.

தனியாக ஓர் உரைக்கோ தேர்வுக்கோ தயாராகிறீர்கள் என்றால் மன வரைபடம் போதும். விரைவானது, ஒரே பக்கத்தில் அடங்கும். பலர் கூடி, பிரச்சினை என்னவென்றே தெளியாத நிலையில் சீட்டுகளுக்கே என் ஓட்டு. முழு மாலையும் போய்விடும் என்பது உண்மைதான்.

எது முந்தி, எது பிந்தி என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு நாங்கள் கடைசியில் சாதாரண அட்டவணைதான் போட்டோம்: வேலை, ஆள், தேதி. தேதிக் கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதுங்கள்.