மூளை அழற்சிக்கான மஞ்சள் குளிசை: இரண்டு மாதப் பயன்பாட்டின் பின்

நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் தரும் மூளை நோயான பார்க்கின்சன் உள்ள என் தந்தைக்காக, வெள்ளவத்தை மருந்தகமொன்றில் மஞ்சள் சாற்றுக் குளிசை மூன்று போத்தல்கள் வாங்கினேன். போத்தலுக்கு 60 குளிசை, நாளொன்றுக்கு இரண்டு. "மூளை அழற்சியைத் தணித்து நரம்புக் கலங்களைப் புதுப்பிக்கும்" என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

மூளை அழற்சி என்பது விளம்பரத்துக்காகப் புனைந்த சொல்லன்று. பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் நடுமூளையில், உடலசைவுக்கு உதவும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிந்த இடத்தில், மைக்ரோகிளியா எனப்படும் மூளையின் நிர்ப்பீடனக் கலங்கள் கிளர்ச்சியுற்றுக் குவிந்திருந்ததை 1988இல் மெக்கீர் தம்பதியரின் ஆய்வுக்குழு வெளியிட்டது. பிழையாக மடிந்து திரளும் அல்பா-சினுக்ளின் புரதம் கலத்துக்கு வெளியே கசியும்போது மைக்ரோகிளியா கிளர்ந்து, அழற்சிப் புரதங்களையும் நைத்திரிக் ஒட்சைட்டையும் வெளியிடுகின்றன. அவை அயலிலுள்ள நரம்புக் கலங்களைச் சேதப்படுத்த, இறந்த கலங்களின் சிதைவுகள் மேலும் மைக்ரோகிளியாவைத் தூண்டுகின்றன. குருதியிலிருந்து நுழையும் ரி-கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களும் இதில் பங்கேற்கின்றன. ஆனால் கழிவை விழுங்கி மூளையைத் துப்புரவு செய்வதும் இதே மைக்ரோகிளியாதான் என்பதால், அழற்சி முழுவதையும் அடக்கிவிட்டால் நோய் நிற்கும் என்று கொள்ள முடியாது. எங்கள் நரம்பியல் வைத்தியர் இதைப் பொறுமையாக விளக்கிய பின்னரே போத்தலின் வாசகம் எனக்கு உறுத்தியது.

"புதுப்பிக்கும்" என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நடுக்கம் வெளித்தெரியும் வேளைக்குள்ளேயே டோபமின் சுரக்கும் கலங்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அழிந்தவற்றை மீட்கும் மருந்து இன்னும் இல்லை. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அல்சைமர் நோயாளருக்கு 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றிலும் பலன் தென்படவில்லை. உறிஞ்சலைக் கூட்டுவதற்காக இக்குளிசையில் மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்திருக்கிறார்கள். அது வேறு சில மருந்துகள் ஈரலில் சிதைவதைத் தாமதப்படுத்தி, குருதியில் அவற்றின் அளவை உயர்த்தக்கூடியது. முதியவர்கள் பல மருந்துகளை ஒன்றாக உட்கொள்பவர்கள். அப்படியிருந்தும் போத்தலில் ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லை. மஞ்சளோடு எனக்குப் பகையில்லை, அம்மா அன்றாடம் சொதியில் இடுகிறார். குறை அந்த வாக்குறுதியில்தான்.

இரண்டு மாதங்களில் நடுக்கத்திலோ நடையிலோ மாற்றம் எதையும் நாங்கள் காணவில்லை. அப்பா காலையில் சட்டைப் பொத்தான்களைத் தாமே போட முடிவது, வைத்தியர் எழுதிய லெவோடோபாவை நேரம் தவறாமல் எடுக்கும் நாட்களில்தான். திறக்காத மூன்றாவது போத்தலை மருந்தகத்தார் பற்றுச்சீட்டைப் பார்த்து மறுபேச்சின்றித் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடைக்கு மீண்டும் போவேன், அந்தக் குளிசைக்காக அல்ல.