உரமா, பாக்டீரியாவா: மாசுபட்ட மண்ணுக்கு எது?

டீசல் கொட்டிய மண்ணில் அதைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதற்குக் குறைவது தழைச்சத்தும் மணிச்சத்தும் காற்றும்தான். அதனால் முதலில் உரத்தையே கையில் எடுங்கள். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த கரைகளில் உரமிட்டபோது சிதைவு வேகமெடுத்தது.

கணக்கு இதுதான்: கார்பன் 100-க்குத் தழை 10, மணி 1. கிலோவுக்கு 5 கிராம் டீசல் உள்ள ஒரு டன் மண்ணுக்கு யூரியா சுமார் 900 கிராம், சூப்பர் பாஸ்பேட் 600 கிராம். மூன்று தவணையாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் அம்மோனியா நெடி கிளம்பும், பாக்டீரியாவே சாகும். வாரம் ஒருமுறை மண்ணைப் புரட்டுங்கள். ஈரம் எவ்வளவு? கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.

வெளியில் வளர்த்த பாக்டீரியாவை வாங்கிக் கலப்பது செலவு கூடுதல். புது மண்ணில் புரோட்டோசோவா என்னும் ஒற்றைச்செல் உயிரிகள் அவற்றைத் தின்றுவிடும். மிஞ்சியவை உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டியிட முடியாமல் குறையும். ஆனால் உலோகப் பிசுக்கு நீக்கும் கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீன் இறங்கிய நிலத்தடி என்றால் நிலைமையே வேறு. அதை முழுதாகச் சிதைக்கும் டீஹாலோகாக்காய்டெஸ் என்ற பாக்டீரியா இல்லாத இடத்தில் சிதைவு பாதியிலேயே, புற்றுநோய் தரும் வினைல் குளோரைடில், நின்றுபோகலாம். அங்கே அந்த பாக்டீரியாவைத் தயங்காமல் வாங்கிச் சேர்த்துவிடுங்கள், காற்று படாமல். ஆக்சிஜன் பட்டால் அது பிழைக்காது.